ஆட்டிசம் உள்ள பிள்ளையும் புதிய பள்ளியும்: ரிப்போர்ட்டை ஒளித்து வைக்காதீர்கள்

"பையனுக்கு ஆட்டிசம் என்று புதிய பள்ளியில் சொல்லிவிடலாமா, கொஞ்ச நாள் போகட்டுமா?" வெளிநாட்டுக்குப் புதிதாக வருகிற பெற்றோர் பலர் இதைத்தான் கேட்கிறார்கள். நாங்களும் கொஞ்ச நாள் போகட்டும் என்றுதான் இருந்தோம். வாங்கிய பேச்செல்லாம் போதும், இங்கே யாருக்கும் தெரிய வேண்டாம் என்று மருத்துவர் கொடுத்த ரிப்போர்ட்டைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டோம். ஆறு வாரம் அவன் வகுப்பில் வாயே திறக்கவில்லை. மொழி தெரியாத பிள்ளை என்று நினைத்து, படம் போட்ட குழந்தைப் புத்தகமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தப்பு எங்கள் மேல்தான்.

அதனால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பழைய ரிப்போர்ட்டில் 'ஆஸ்பெர்கர்' என்று இருந்தால் குழம்ப வேண்டாம்; 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 (மருத்துவர்கள் டயக்னோசிஸுக்குப் பார்க்கும் அமெரிக்கக் கையேடு) அதையும் ஆட்டிசத்துக்குள் சேர்த்துவிட்டது. அமெரிக்காவில் இருப்பவர்கள், ஐஇபி-க்கான (பிள்ளைக்கென்று எழுதப்படும் தனிக் கல்வித் திட்டம்) மதிப்பீடு வேண்டும் என்று பள்ளிக்கு எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. இங்கிலாந்தில் பள்ளியின் சென்கோவை, அதாவது சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஆசிரியரை, பாருங்கள். ஈஎச்சி பிளானுக்கான (பிள்ளைக்குக் கல்வி, உடல்நலம், பராமரிப்பில் என்ன உதவி வேண்டும் என்று எழுதும் சட்டப்படியான திட்டம்) மதிப்பீட்டைப் பெற்றோரே உள்ளாட்சியிடம் கேட்கலாம். டயக்னோசிஸ் கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிளான் உள்ள பிள்ளை செகண்டரிக்குப் போகிற வருடம், பிப்ரவரி 15-க்குள் புதிய பள்ளியின் பெயர் அதில் ஏறியாக வேண்டும்.

மருத்துவரின் நீண்ட ரிப்போர்ட்டை எந்த ஆசிரியரும் முழுதாகப் படிக்கப்போவதில்லை. நீங்களே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். "சத்தம் பிடிக்காது" என்று மொட்டையாக எழுதாமல், "மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் போவான். இரண்டு நிமிடம் விட்டால் தானே வருவான். கையைப் பிடித்து இழுக்காதீர்கள்" என்று எழுதுங்கள்.

பள்ளி திறக்கும் முன், ஆள் இல்லாத நேரத்தில் ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டுங்கள். வாசல், வகுப்பு, சாப்பிடும் இடம், முக்கியமாக டாய்லெட் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். (கை உலர்த்தும் மெஷினின் இரைச்சலுக்குப் பயந்தே நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு.) செகண்டரிக்கு நாங்களும் இப்படி ஒரு ஆல்பம் செய்தோம். முதல் நாள் பார்த்தால் வகுப்பறையை மாற்றிவிட்டார்கள். படத்தில் நீலக் கதவு, எதிரே பச்சைக் கதவு. அரை மணி நேரம் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கே ஆல்பத்தில் ஒரு கேள்விக்குறி அட்டையைச் சேர்த்தோம்: "ஏதாவது மாறினால் இவரிடம் கேள்", கூடவே உதவி ஆசிரியையின் படம். மற்ற எல்லாப் படங்களையும்விட அந்த அட்டைதான் கைகொடுத்தது.

அப்புறம், "பள்ளியில் சமர்த்தாக இருக்கிறானே" என்பார்கள். அங்கே அடக்கி வைத்ததெல்லாம் வீட்டு வாசலில் வெடிக்கும். வந்ததும் கேள்வி கேட்காதீர்கள், விட்டுவிடுங்கள். ஆனால் நாள், நேரம் போட்டுக் குறித்து வைத்துப் பள்ளிக்கும் காட்டுங்கள். வீட்டில் நடப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லி யாராவது அறிவுரை சொல்வார்கள். கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு தாமதமாவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. எங்கள் பையன் பதற்றம் வந்தால் தமிழில்தான் எண்ணுவான். அதையும் அந்த ஒரு பக்கத்தில் எழுதியிருந்தோம். உதவி ஆசிரியை பத்து வரை கற்றுக்கொண்டு கூடவே எண்ணுகிறார். ஏழு மட்டும் இன்னும் 'ஏலு'தான். ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருத்திவிட்டுத்தான் எட்டுக்குப் போகிறான்.