ஊட்டிக்காரனுக்குத்தான் கதிர்வீச்சு அதிகமாம்!

கோத்தகிரி கொழுந்து:
போன வாரம் குன்னூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் அறிவியல் கண்காட்சி. அணுமின்சாரத்தைப் பற்றிப் பேச வந்தவர் மேடையில் அடித்துவிட்டது இது: "கூடங்குளம் அணுமின் நிலைய வேலி ஓரத்தில் குடியிருப்பவரைவிட ஊட்டியில் இருக்கும் உங்களுக்குத்தான் கதிர்வீச்சு அதிகம். அப்புறம் என்ன பயம்?" என் மகள் வீட்டுக்கு வந்ததும் "அப்பா, நாம மேட்டுப்பாளையத்துக்குக் குடிபோயிடலாமா" என்று கேட்கிறாள். மக்கள் ஆதரவு திரட்டும் லட்சணம் இதுதானா? எவனோ எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்துவிட்டுப் போகிறார்கள்.

அருவங்காடு பெரியவர்:
தம்பி, அவர் சொன்னதில் என்ன தப்பு? ஊட்டியில் டாடா ஆராய்ச்சிக் கழகத்தார் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் வைத்திருப்பது கேரட் விளைவிக்கவா? மேலே ஏற ஏறக் காற்றுப் போர்வை மெலிகிறது, விண்வெளியிலிருந்து வரும் கதிர் கூடுகிறது. கடல் மட்டத்தில் அது வருஷத்துக்கு ஏறக்குறைய 0.3 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அணுமின் நிலையத்தால் வெளியாளுக்கு வரலாம் என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் உச்சவரம்பே வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட்தான். நடைமுறையில் போய்ச் சேருவது அதில் மிகச் சிறு பகுதி. வேலி ஓரமா, ஊட்டியா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கோத்தகிரி கொழுந்து:
ஐயா, கணக்கு யாருக்கு வேண்டும்? வேலி ஓரத்தில் ஊட்டிக்காரர் யாராவது வீடு கட்டுவாரா? அதைச் சொல்லுங்கள்.

பேரிஜம்:
கொடைக்கானலில் இருந்து எழுதுகிறேன். எங்களுக்கும் இப்படித்தான் சொன்னார்கள். தெர்மாமீட்டர் ஆலையில் எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது, உலகத்தரம் என்றார்கள். 2001-ல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு கிடந்ததே, அதை எந்த அதிகாரி கண்டுபிடித்தார்? ஊர் மக்களும் ஆர்வலர்களும்தான். அந்த ஆலையில் வேலை செய்தவர்களுக்கு உடன்பாடு கையெழுத்தாக 2016 ஆனது. "பாதுகாப்பு" என்று யாராவது மைக் பிடித்தால் எங்கள் ஊரில் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

அருவங்காடு பெரியவர்:
பாதரசத்தையும் அணுவையும் ஏன் ஒரே சட்டியில் போடுகிறீர்கள்? தெர்மாமீட்டர் ஆலையைத் தினமும் கண்காணிக்க யார் இருந்தார்கள்? அணுமின் நிலையத்துக்கு 1983-லிருந்தே தனி வாரியம் இருக்கிறது. பேச்சு வேலி ஓரத்தைப் பற்றி. வேலி ஓரம்.

திசையன்விளைக்காரன்:
பிறந்து வளர்ந்தது அந்தப் பக்கம், பிழைப்புக்குக் கூடலூர். வேலி ஓரம், வேலி ஓரம் என்கிறவர் அந்த வேலியைப் பார்த்ததுண்டா? 2011-ல் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரை பந்தலில் மக்கள் உட்கார்ந்தபோது கேட்டது பாதுகாப்பு. கலாம் ஐயா நவம்பரில் வந்தார், நிலையத்தைச் சுற்றிப் பார்த்தார், பாதுகாப்பானது என்றார், பந்தலுக்கு வராமலே போனார். அப்புறம் சுற்றுவட்ட ஊர்களின் வளர்ச்சிக்கு என்று அவருடைய 10 அம்சத் திட்டம். 2012-ல் மாநில அரசு 500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டம். உலையைப் பற்றிக் கேட்டால் ரோடும் ஆஸ்பத்திரியும் தருகிறோம் என்பது பதிலா? கூடவே ஆயிரக்கணக்கானோர் மேல் வழக்கு. மக்கள் ஆதரவாம்!

இன்னொன்று. எங்கள் பக்கக் கடற்கரை மணலிலேயே கதிர்வீசும் தோரியம் இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் தோரியம் கலந்த மோனசைட் கனிமத்தை எடுக்கிறார்களே, எதற்கு? ஊட்டியைவிட எங்கள் ஊரில்தான் கதிர்வீச்சு அதிகமாக இருக்கும்போல.

அருவங்காடு பெரியவர்:
மணவாளக்குறிச்சி குமரி மாவட்டம். கூடங்குளம் நெல்லை மாவட்டம். பூகோளம் தெரியாமல் வரவேண்டாம்.

திசையன்விளைக்காரன்:
மாவட்ட எல்லைக் கல்லைப் பார்த்து மணல் நின்றுவிடுமா?

ஈர்ப்பு விசை:
இயற்பியல் முதுகலை மாணவி. ஒரே ஒரு விளக்கம். மலையிலும் மணலிலும் வருவது இயற்கையாக எப்போதும் இருப்பது. நிலையத்தால் வருவது அதற்கு மேல் சேர்வது. மேடையில் சொன்னவர் எதை எதோடு ஒப்பிட்டார் என்றே தெரியவில்லை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: விபத்து நடக்கும் வாய்ப்பு. கேஸ் அடுப்பு எரியும்போது வரும் சூட்டைக் காட்டி, சிலிண்டர் வெடிக்காது என்று யாரும் சொல்ல மாட்டோம் அல்லவா? முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொள்ளலாமே.

அருவங்காடு பெரியவர்:
நன்றாகப் படி, பாப்பா. ஆனால் ஊட்டியா, வேலி ஓரமா என்று நீயும் சொல்லவில்லை.

சிலிண்டர் என்று சொன்னதால் கேளுங்கள். நான் கார்டைட் பேக்டரியில், அதாவது வெடிமருந்து ஆலையில், சர்வீஸ் முடித்தவன். வாசலில் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். பாதுகாப்பு என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அணுத்துறை விழுந்து எழுந்து கற்ற துறை. 1979-ல் அமெரிக்காவில் மூன்று மைல் தீவு விபத்து. அந்த வருஷமே அங்குள்ள மின் நிறுவனங்கள் சேர்ந்து ஒருவர் உலையை ஒருவர் சோதிக்கத் தனி அமைப்பு வைத்தன. 1986-ல் செர்னோபில். 1989-ல் அதே வேலைக்கு உலக அளவில் ஒரு சங்கம் வந்தது. கூடங்குளத்தில் இருப்பது செர்னோபில் மாதிரி உலை அல்ல. உலைக்குள் எரிபொருள் உருகினால் பிடித்துக்கொள்ள அடியில் தனித் தொட்டி இருக்கிறது. கரண்ட் மொத்தமும் போனாலும் காற்றோட்டத்தாலேயே சூட்டை இறக்கும் ஏற்பாடு இருக்கிறது. 2004 சுனாமியில் கல்பாக்கத்தில் பம்பு வீட்டுக்குள் கடல் புகுந்தது, உலையை முறைப்படி நிறுத்தினார்கள், ஒரு பொட்டுக் கசிவு கிடையாது. இதெல்லாம் தெரிந்தவன் பயப்பட மாட்டான். தெரியாதவன்தான் மகளையும் பயமுறுத்துவான்.

கோத்தகிரி கொழுந்து:
என் மகளை இழுக்காதீர்கள். பயமுறுத்தியது மேடையில் ஏறின உங்கள் ஆள்.

பேரிஜம்:
கல்பாக்கத்தில் உலை தப்பித்தது சரி. பக்கத்தில் ஊழியர் குடியிருப்பில் கடல் புகுந்து உயிர்கள் போயினவே, அந்த வரி ஏன் உங்கள் பதிவில் இல்லை? உலைக்கு இருந்த முன்னேற்பாடு மனுஷனுக்கு இல்லை. அதுதான் எங்கள் கேள்வி. புகுஷிமாவில் 20 கிலோமீட்டர் சுற்றளவைக் காலி செய்தார்கள். இங்கே அவசரத் திட்டம் 16 கிலோமீட்டரோடு நிற்கிறது.

அருவங்காடு பெரியவர்:
சுனாமிக்கும் கதிர்வீச்சுக்கும் என்ன சம்பந்தம்? அதோடு, நீலகிரிக்காரர் மன்றத்தில் கொடைக்கானலுக்கு என்ன வேலை?

பேரிஜம்:
'மலை மாவட்டங்கள்' என்றுதான் இந்த மன்றத்தின் தலைப்பில் போட்டிருக்கிறது. இ-பாஸ் வாங்கிக்கொண்டு வரவேண்டுமா?

குந்தா லைன்மேன்:
எனக்கு ஒன்று புரியவில்லை. பைக்காராவில் 1932-லிருந்து மின்சாரம் எடுக்கிறோம். குந்தாவில் மலையைக் குடைந்து எடுக்கிறோம். எல்லாம் கீழே போகிறது. மஞ்சூரில் மரம் ஒன்று சாய்ந்தால் நாள் கணக்கில் இருட்டு. முதலில் அதைப் பேசுங்கள். அணுவாம், ஊட்டியாம்.

கோத்தகிரி கொழுந்து:
மரம் சாய்ந்தால் உங்கள் ஆபீஸில் போனை எடுக்க ஆள் இருக்கிறதா?

குந்தா லைன்மேன்:
போஸ்டில் ஏறி நிற்கும்போது எந்தக் கையில் போனை எடுக்க? கம்பியோரம் கிளையை வெட்ட விடாமல் தடுப்பது உங்கள் எஸ்டேட்காரர்கள்தானே.

கோத்தகிரி கொழுந்து:
நான் எஸ்டேட் அல்ல, சிறு விவசாயி. பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்று தெரியுமா உங்களுக்கு?

திசையன்விளைக்காரன்:
தேயிலை விலைக்குத் தனி இழை போடுங்கள் அண்ணா. பெரியவருக்கு ஒரு கேள்வி. 2019 அக்டோபரில் கூடங்குளம் கணினியில் கிருமி (வைரஸ்) புகுந்ததாகச் செய்தி வந்தது. நிலையம் முதலில் சொன்னது: தாக்குதல் சாத்தியமே இல்லை. மறுநாளே இந்திய அணுமின் கழகம் சொன்னது: ஆமாம், கிருமி இருந்தது. எதை நம்ப?

அருவங்காடு பெரியவர்:
அது நிர்வாகக் கணினி. உலையை இயக்கும் அமைப்பு அதோடு சேராத தனி வலை. அதையும் அதே அறிக்கையில் சொன்னார்கள். பாதியைப் படித்துவிட்டு வருகிறீர்கள்.

திசையன்விளைக்காரன்:
கிருமி எந்தக் கணினியில் என்று நான் கேட்கவில்லை. முதல் நாள் ஏன் இல்லை என்றார்கள்? உண்மையை ஒரு நாள் தள்ளிச் சொல்பவர் சைரனை எத்தனை மணிக்கு அடிப்பார்? விபத்து நடந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை ஒன்றை 2012-ல் நக்கனேரியில் நடத்தினார்கள். ஒரு சின்ன ஊர். இடிந்தகரையில் நடத்தியிருந்தால் தெரிந்திருக்கும் ஆதரவு. உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் நிலையத்தை அனுமதித்தபோது 15 கட்டளைகள் போட்டது. கண்ணை மூடி நம்பலாம் என்றால் எதற்கு 15?

அருவங்காடு பெரியவர்:
அனுமதித்தது, இல்லையா? அதைச் சொன்னீர்களே, போதும்.

கருநாகப்பள்ளி என்று கேரளத்தில் ஓர் ஊர். அந்த மணலில் இயற்கைக் கதிர்வீச்சு நம் ஊட்டியைவிடப் பல மடங்கு. அங்கே நீண்ட காலம் ஆய்வு செய்து 2009-ல் வெளியிட்டார்கள், கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று. அங்கே கதிர்வீச்சுக்காக ஒருவரும் பந்தல் போட்டதாக நான் கேட்டதில்லை. வேலி ஓரத்துக்கு மட்டும் பந்தல்.

ஈர்ப்பு விசை:
ஐயா, அந்த ஆய்வு மெதுவாக, தொடர்ந்து வரும் இயற்கைக் கதிர்வீச்சைப் பற்றியது. விபத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. மேலே எழுதியதைத்தான் திரும்பவும்...

கோத்தகிரி கொழுந்து:
விடும்மா. அவருக்கு வேலி ஓரம் தவிர வேறு ஓரம் தெரியாது.

அருவங்காடு பெரியவர்:
எனக்கு எல்லா ஓரமும் தெரியும். சிங்காரா ஓரமும் தெரியும். மசினகுடி பக்கம் அந்தச் சிங்காராவில் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகம் வருவதாக இருந்தபோது அதை அணுக்கழிவுக் குகை என்று துண்டுச் சீட்டு அடித்து விநியோகித்தது யார்? இன்றைக்கு உண்மை பேசுகிறீர்களாக்கும்.

கோத்தகிரி கொழுந்து:
துண்டுச் சீட்டை நான் அடிக்கவில்லை. அது யானை நடமாடும் இடம், முதுமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம் என்றுதான் எதிர்த்தோம். 2009-ல் சுற்றுச்சூழல் அமைச்சகமே அந்த இடம் வேண்டாம் என்றது. அப்புறம்தான் தேனி பொட்டிப்புரம் போனார்கள். அங்கேயும் ஊர் ஏற்கவில்லை. அதற்கும் நான்தான் காரணமா?

அருவங்காடு பெரியவர்:
பாதிக் காரணம் நீங்கள்தான். உலகமே திரும்பிப் பார்த்திருக்கும் ஓர் ஆய்வகத்தை இந்த மலை இழந்தது உங்களைப் போன்றவர்களால்.

பேரிஜம்:
ரிசார்ட் வந்தபோது இந்த ஆதங்கம் எங்கே போயிருந்தது?

குந்தா லைன்மேன்:
மஞ்சூரில் மறுபடியும் கரண்ட் போய்விட்டது. போனில் சார்ஜ் இருக்கும்வரை படிக்கிறேன், நடத்துங்கள்.

அருவங்காடு பெரியவர்:
சிங்காராவுக்குத் தனி இழை தொடங்குகிறேன். துண்டுச் சீட்டின் படம் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, போடுகிறேன்.

கோத்தகிரி கொழுந்து:
போடுங்கள். அந்தச் சமயத்தில் நீங்கள் ஆசிரியருக்கு எழுதிய கடிதம் என்னிடமும் இருக்கிறது. அதில் ஊட்டியின் உயரத்தையே தப்பாக எழுதியிருந்தீர்கள்.