புதுப்பிப்பு: மாதம் ஒருமுறை சங்கீதம் முழுவதும் – 29ஆம் தேதிச் சிக்கல்

பைபிளின் சங்கீதப் புத்தகத்தை மாதம் ஒருமுறை வாசித்து முடிக்க, தேதியோடு முப்பது முப்பதாகக் கூட்டி, நாளுக்கு 5 சங்கீதம் வாசிக்கும் முறையை இங்கே முன்பு எழுதியிருந்தேன். 7ஆம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. வந்த கேள்விகள் பெரும்பாலும் 29ஆம் தேதியைப் பற்றியவை. அன்று 119 வந்து நிற்கும், 176 வசனம். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நடக்கிற காரியமில்லை.

31ஆம் தேதி உள்ள மாதமானால் அன்றைக்குத் தள்ளிவிடுங்கள். அந்த நாளுக்கு வேறு பங்கு கிடையாது. எனக்குச் சரியென்று படுவது வேறு வழி. 119 எட்டெட்டு வசனமாக 22 பகுதிகள் கொண்டது. 1 முதல் 22ஆம் தேதிவரை நாளுக்கு ஒரு பகுதி சேர்த்துக்கொண்டால் பாரம் தெரியாது, எந்த மாதத்துக்கும் பொருந்தும்.

பிப்ரவரியில் விடுபடுவதை விட்டுவிடுங்கள். பாக்கியைச் சேர்த்து ஒரே மூச்சில் வாசித்தால் கண்தான் ஓடும், ஜெபம் வராது.

19ஆம் தேதி வரும் 109இல் சாபச் சொற்கள் இருப்பதால் தாண்டலாமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம். அதே நாளின் கடைசிப் பங்கு 139. அதுவும் பகைவர்மேல் கோபப்பட்டுவிட்டு, முடிவில் தன் இருதயத்தையே ஆராயும்படி தேவனிடம் கேட்கிறது. இரண்டையும் ஒரே அமர்வில் வாசியுங்கள்.