பெங்களூர்ல ஓட்டுப்பதிவு 54 சதவீதம்தானா? வாக்காளர் லிஸ்ட்ல இருக்கறவங்க எங்கே?

அல்சூர்வாசி:
2024 லோக்சபா தேர்தல்ல பெங்களூரு சென்ட்ரல் 54 சதவீதம். பக்கத்து ரூரல் தொகுதி 68. ஏப்ரல் 26 வெள்ளிக்கிழமை, லீவைச் சேர்த்துக்கிட்டு எல்லாரும் கூர்க் போயிட்டாங்கன்னு டிவியில ஒரே பாட்டு. நான் அன்னிக்கு மர்பி டவுன் பக்கம் பூத்துக்கு 200 மீட்டர் தள்ளி மேஜை போட்டு சிலிப் எழுதிக் கொடுத்தவன். மதியம் வெயில் ஏறினதும் கூட்டம் கரைஞ்சது, லிஸ்டைப் புரட்டினேன். ஒரே கதவு எண்ல 14 பேர். அதுல ரெண்டு குடும்பம் வீடு காலி பண்ணிப் பல வருஷமாச்சு. இப்ப அங்கே குடியிருக்கறவங்க பேர் ஒண்ணுகூட இல்லை. போனவங்களையும் கணக்குல வெச்சு வகுத்தா சதவீதம் எப்படி ஏறும்? உங்க ஏரியாவுல எப்படி?

காவேரிப்பட்டணம் பொண்ணு:
அந்த மாதிரி வீட்ல குடியிருக்கறது நான்தான் அண்ணா. என் ஓட்டு இன்னும் ஊர்லயே இருக்கு. தமிழ்நாட்ல ஏப்ரல் 19, அதுவும் வெள்ளி. கார்மெண்ட்ஸ்ல சம்பளத்தோட லீவு தரமாட்டேன்னுட்டாங்க, போகலை. இங்கே மாத்தலாம்னா, விலாசத்துக்குக் காட்ட ஓனர் ரிஜிஸ்டர் பண்ணின அக்ரிமெண்ட் தரமாட்டார். 11 மாசப் பேப்பர்தான். கரண்ட் பில்லும் அவர் பேர்ல.

மூணாவது மாடி:
எல்லாத்தையும் லிஸ்ட் தலையில போடாதீங்க சார். எங்க அபார்ட்மெண்ட்ல பேர் இருந்தும் பாதிப் பேர் இறங்கலை. பூத் எதிர் ரோட்ல! ஓட்டுப் போட்ட மையைக் காட்டினா தோசை ஃப்ரீன்னு சில ஹோட்டல்ல போர்டு வெச்சும் அசையலை.

அல்சூர்வாசி:
ஒத்துக்கறேன் சார், சோம்பேறித்தனமும் உண்டு. ஆனா அந்தத் தங்கச்சியைச் சோம்பேறின்னு சொல்ல முடியுமா? வெளியூர்ல இருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட ஒரு மெஷினை, ஒண்ணுலயே 72 தொகுதி வரைக்கும், 2023 ஜனவரியில தேர்தல் கமிஷன் கட்சிக்காரங்களுக்குக் காட்டப் பார்த்தது. எதிர்க்கட்சிங்க ஒத்துக்கலை, அப்படியே நின்னுபோச்சு.

தங்கச்சி, இடம் மாத்தறதுக்கு ஃபார்ம் 8. காட்டப் பேப்பர் ஒண்ணுமே இல்லைன்னா பூத் லெவல் ஆபீசர் வீட்டுக்கே வந்து பார்த்துட்டு எழுதணும். அவர் வர்ற நேரம் நீங்க ஷிப்ட்ல இருப்பீங்க. அதனால பக்கத்து வீட்ல ஒரு வார்த்தை சொல்லி வையுங்க.

காவேரிப்பட்டணம் பொண்ணு:
பக்கத்து வீட்லயும் கார்மெண்ட்ஸ்தான் அண்ணா. கீழே மளிகைக் கடையில சொல்லி வெக்கறேன்.