ரிசர்வில் தொழில் தொடங்க வங்கி ஏன் கடன் கொடுப்பதில்லை?

கார்த்தி_சிட்னி:
கனடாவின் சிட்னி நகரில் இருக்கும் கேப் பிரெட்டன் பல்கலைக்கழகத்தில் சமுதாயப் பொருளாதார வளர்ச்சி எம்.பி.ஏ. படிக்கிறேன். பக்கத்தில் இருக்கும் மெம்பர்டூ என்ற மிக்மாக் பூர்வகுடிச் சமுதாயத்தைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். "அரசு மானியம் வருகிறது, அதனால் பூர்வகுடிகள் தொழில் பக்கம் வருவதில்லை" என்றார் வகுப்பில் ஒருவர். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. ரிசர்வில் (பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில்) சொந்த வீடு இருந்தாலும் அதை வைத்துக் கடன் வாங்க முடியாதாமே, உண்மையா?

வசந்தி (ஹாலிஃபாக்ஸ்):
உண்மைதான் தம்பி. நான் இங்க கணக்காய்வு வேலை செய்யிறன், அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

வகுப்பில அப்பிடிச் சொன்னவரிட்ட, இங்கத்தைப் பூர்வகுடிகளுக்கான கனடாச் சட்டமான இந்தியன் சட்டத்தின்ர 89ஆம் பிரிவை வாசிக்கக் குடுங்கோ. ரிசர்வுக்குள்ள இருக்கிற பூர்வகுடி ஆளின்ர சொத்தை வெளியாள் ஈடாப் பிடிக்கவும் ஏலாது, பறிக்கவும் ஏலாது. நிலம் கைவிட்டுப் போகாமல் இருக்க அது காவல், அதை நான் குறை சொல்லமாட்டன். ஆனா கடன் கேட்டுப் போகேக்க அதே காவல் குறுக்க நிக்குது. வாகனம் திருத்துற ஒருத்தருக்கு நான் விண்ணப்பம் நிரப்பிக் குடுத்தனான். வருமானம், வரவு செலவு எல்லாம் நல்ல ஒழுங்கு. "பிணை" எண்ட பெட்டியில மட்டும் எழுத ஒண்டுமில்லை. கட்டடம், லிஃப்ட், கருவியள் எல்லாம் அவற்றைதான், ஆனா எல்லாம் ரிசர்வுக்குள்ள. கடன் அதிகாரி அந்தப் பெட்டிக்கு அங்கால வாசிக்கவே இல்லை. இந்த இடைவெளிக்காகத்தான் உல்னூவெக் போல பூர்வகுடிகளின்ர சொந்தக் கடன் நிறுவனங்கள் வந்தது. அட்லாண்டிக் பக்கம் அது 1986இல இருந்து இருக்கு.

மெம்பர்டூவும் 90களில பற்றாக்குறையிலதான் கிடந்தது. தலைவர் டெரி பால், ரொறன்ரோவில வேலை செய்த தங்கட ஊர் வழக்கறிஞர் பேர்ன்ட் கிறிஸ்மஸைத் திருப்பிக் கூப்பிட்டார். முதல்ல கணக்கையும் நிர்வாகத்தையும் திருத்திச்சினம். 2002இல ஐஎஸ்ஓ 9001 எண்ட சர்வதேசத் தர முகாமைச் சான்றிதழ் எடுத்திச்சினம். எனக்கு இந்தக் கதையில பெரிய விசயம் இதுதான். ஹோட்டலும் மாநாட்டு மண்டபமும் அதுக்குப் பிறகு வந்தது.

2021 ஜனவரியில மெம்பர்டூ முன்னுக்கு நிண்டு, ஏழு மிக்மாக் சமுதாயங்கள் சேந்து கிளியர்வோட்டர் கடலுணவு நிறுவனத்தில பாதியை வாங்கிச்சினம். நிறுவனத்தின்ர கடனையும் சேத்து மொத்த விலை நூறு கோடி டொலர். தங்கட பங்குக்கு, பூர்வகுடிச் சமுதாயங்களுக்குக் கடன் குடுக்கிற ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் நிதி ஆணையத்திட்ட 30 வருசக் கடன், ஏறக்குறைய 25 கோடி. அந்த ஆணையம் நிலத்தைப் பிணையாக் கேக்காது, சமுதாயத்தின்ர வருமானத்தைத்தான் பாக்கும். அங்க கடன் கேக்க முதல், சமுதாயத்தின்ர நிதி நிர்வாகம் ஒழுங்கு எண்டு நிதி முகாமைச் சபையின்ர சான்று வேணும். கணக்குப் படிச்ச பிள்ளையள் ஊருக்குள்ள இல்லாட்டி அந்தச் சான்றுக்கு எங்க போறது?

முருகன்_பி.சி.:
ஒன்று சேர்க்கிறேன். ரிசர்வ் நிலத்தில் குத்தகை உரிமையை மட்டும் ஈடு வைக்க வழி உண்டு, ஆனால் அதற்கு முன் சமுதாயம் வாக்களித்து அந்த நிலத்தை ஒதுக்க வேண்டும். 1999இல் வந்த ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் நில மேலாண்மைச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் வந்த சட்டத்தின் கீழ், சொந்த நிலச் சட்டம் இயற்றி இந்தியன் சட்டத்தின் நிலப் பிரிவுகளிலிருந்து விலகிக்கொள்ளவும் முடியும்.

கார்த்தி_சிட்னி:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. அப்படியானால் கட்டுரையில் கல்வியைப் பற்றித் தனியாக ஒரு பகுதி எழுதலாமா?

வசந்தி (ஹாலிஃபாக்ஸ்):
எழுதத்தான் வேணும். உங்கட பல்கலைக்கழகத்திலயே பூர்வகுடி வணிகப் படிப்புக்கெண்டு 2010இல இருந்து பேர்டி க்ராஃபோர்ட் பேரில ஒரு ஆய்வு இருக்கை (பேராசிரியர் பதவி) இருக்கு. உயர்தரப் பள்ளிப் பிள்ளையளைத் தங்கட ஆக்களிலயே தொழில் செய்யிறவையோட சேத்துவிடுற திட்டமும் நடத்தினவை. முதல்ல அங்க போய்க் கதையுங்கோ. மெம்பர்டூ அலுவலகத்துக்குப் போறதெண்டா முன்கூட்டியே அனுமதி கேளுங்கோ. எதைப் பற்றி எழுதினா தங்களுக்குப் பிரயோசனம் எண்டு அவையளே சொல்லட்டும், கேள்விப் பட்டியலைப் பிறகு எழுதலாம்.