மறுமொழி: கார்பனடைட் – ‘சுண்ணப்பாறை’ பொருந்தாது

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்காக, கார்பனடைட் (carbonatite: பாறைக்குழம்பு இறுகி உருவாகும், கார்பனேட் கனிமங்கள் மிகுந்த பாறை) என்பதற்கு முன்மொழியப்பட்ட தமிழ்ப்பெயர் பற்றி எழுதுகிறேன்.

> கார்பனடைட் = கவசச் சுண்ணப்பாறை. எளிய சொல், பொருளும் உடனே விளங்குகிறது.

விளங்குகிறது ஐயா, தவறாக விளங்குகிறது. சுண்ணம் என்றதும் நமக்குக் கிளிஞ்சலும் காளவாயும்தான் நினைவுக்கு வரும். திருப்பத்தூர் அருகே சேவத்தூரில் கிடைக்கும், கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) மிகுந்த கார்பனடைட் கல்லில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் போலவே பொங்கும். அமிலத்துக்கு வேறுபாடு தெரியாது. பெயருக்காவது தெரிய வேண்டாமா? அரியலூர்க் கல், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்துக் கடலில் படிந்தது. சேவத்தூர்க் கல் ஏறத்தாழ 77 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பாக ஏறி வந்து இறுகியது.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது வேதியியல்தான். கார்பனடைட்டில் ஸ்ட்ரான்சியம், பேரியம், நையோபியம், அருமண் தனிமங்கள் மிகுந்திருக்கும். ஆக்சிஜனின் கனமான ஐசோடோப்பான ஆக்சிஜன்-18, கடல்நீரில் உள்ளதைவிட, மாற்றமுறாத கார்பனடைட்டில் ஆயிரத்துக்கு 6 முதல் 10 வரை கூடுதல். கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்லில் பொதுவாக 20-க்கும் மேல்.

‘சுண்ணம்’ இன்னொரு வகையிலும் இடறுகிறது. சேவத்தூரிலேயே டோலமைட் (கால்சியத்தோடு மக்னீசியமும் கொண்ட கார்பனேட்) வகை உண்டு. தான்சானியாவின் ஓல் டோய்ன்யோ லெங்காய் எரிமலையில் வருவதோ சோடியம், பொட்டாசியம் கார்பனேட் குழம்பு. கறுப்பாக எண்ணெய்போல் ஓடி, காற்றின் ஈரம் பட்டதும் சில நாட்களில் வெளுத்துவிடும். அதைப் போய் எப்படிச் சுண்ணப்பாறை என்பது?

‘கவசம்’ (புவி மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கு, mantle) என்ற அடைமொழியும் வேண்டாம். வைரம் தாங்கிவரும் கிம்பர்லைட் பாறையும் கவசத்திலிருந்து வருவதுதான். தவிர, பாதிக்கு மேல் கார்பனேட் கனிமங்கள் கொண்ட தீப்பாறை என்பதே வரையறை; எத்தனை ஆழத்தில் பிறந்தது என்பது ஆய்வில் தெரியவேண்டிய செய்தி, அதைப் பெயரிலேயே முடிவுகட்டிவிடக் கூடாது.

> அப்படியானால் ‘கரிமத் தீக்கல்’?

கரிமம் என்றால் கரிம வேதியியல் குறுக்கே வரும், நிலக்கரியும் வரும். தீக்கல் என்பது சக்கிமுக்கிக் கல்லுக்கு ஏற்கெனவே உள்ள பெயர்.

என் பரிந்துரை ‘கார்பனேட்டுத் தீப்பாறை’. இலங்கை வழக்கில் ‘காபனேற்றுத் தீப்பாறை’. கார்பனடைட்டோடு தொடர்புடைய, இலங்கையின் எப்பாவளை பாஸ்பேட் படிவத்தைப் பற்றி எழுதும்போது அங்குள்ளவர்களுக்கும் உதவும். சற்று நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். லெங்காய்க் குழம்பு 500–600 டிகிரி செல்சியஸ்தானே, பசால்ட்டின் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி, அதற்கு எதற்குத் ‘தீ’ என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். தீப்பாறை என்பது குழம்பு இறுகிப் பிறந்ததைச் சொல்கிறதே தவிர, சூட்டை அளக்கவில்லை.

அடுத்த சிக்கல் ஃபெனைட். கார்பனடைட்டிலிருந்து கசியும் காரப் பாய்மங்கள் சுற்றியுள்ள பாறையை மாற்றுவதால் உருவாகும் இதற்கு, நார்வேயின் ஃபென் என்ற இடத்தால் நிலவியலாளர் புரோகர் 1921-இல் பெயரிட்டார். கார்பனடைட் என்ற சொல்லும் அதே ஆய்வில் பிறந்ததுதான். ஆனால் அது உட்பொருளால் வந்த பெயர், மொழிபெயர்க்கலாம். இது ஊர்ப்பெயர், ஒலிபெயர்ப்பே முறை. ஆகவே ஃபெனைட், அந்த மாற்றத்துக்கு ‘ஃபெனைட்டாக்கம்’. ஃ வேண்டாம் என்பவர்கள் பெனைட்டு என்று எழுதட்டும், அதற்காக இன்னொரு விவாத இழை தொடங்க வேண்டாம்.

மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள்; அதன் பிறகு பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.