கருத்தரிப்பதற்கு முந்தைய ஆலோசனை: பெரம்பூர்ப் பக்கம் மருத்துவர் தேவை

அனைவருக்கும் வணக்கம். பெரம்பூரில் வசிக்கும் என் தங்கைக்காக இந்த உதவியைக் கேட்கிறேன். சென்ற ஆண்டு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. மீண்டும் குழந்தைக்குத் தயாராக விரும்பும் அவளுக்குத் தைராய்டு குறைபாடு இருக்கிறது, ஹீமோகுளோபினும் 9.4 தான். இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கிய கையோடு அவள் டீ குடித்துவந்தாள் என்பது, போன வாரம் அடுப்படியில் அவளருகே நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. டீ அந்தச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்று யாருமே அவளிடம் சொல்லவில்லை.

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உருவான 28 நாட்களுக்குள், அதாவது நாள் தள்ளிப்போனதையே பலர் உணரும் முன், மூடிவிடுவதால், அது சரியாக மூட உதவும் ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். நாங்கள் பார்த்த மருத்துவரோ, "கர்ப்பமானதும் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்து நிதானமாகப் பேசும் பெண் மருத்துவர், பெரம்பூர், அயனாவரம் பக்கம் மாலை ஆறு மணிக்குமேல் இருந்தால் தெரிவியுங்கள். எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையிலோ திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலோ இதற்காகவே புறநோயாளிச் சீட்டு எடுத்தவர்கள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போனீர்கள் என்பதையும் எழுதுங்கள்.