டேவிஸ் கோப்பை வீரர் ஜான் அலெக்ஸாண்டர்: சிட்னியில் பிறந்தவருக்குக் குடியுரிமைச் சிக்கல் எப்படி?

பேஸ்லைன்பாண்டி:

எங்கள் டென்னிஸ் குழுவின் இதழுக்கு, ஆட்டத்தை விட்டு அரசியலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு கட்டுரை தயாராகிறது. அதில் ஆஸ்திரேலியாவின் ஜான் அலெக்ஸாண்டர் பகுதியில்தான் முடிச்சு விழுந்திருக்கிறது. பிறந்தது சிட்னியில், 1951ல். 17 வயதிலேயே டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில் நாட்டுக்காக இறங்கியவர். அவரே 2017ல் பிரிட்டிஷ் குடியுரிமைப் பிரச்சினையால் எம்.பி. பதவியை விட்டார் என்று படிக்கிறேன். சில இடங்களில் "நீதிமன்றம் தகுதிநீக்கம் செய்தது" என்றும், சில இடங்களில் "ராஜினாமா" என்றும் இருக்கிறது. எது சரி? ஒரு மாதத்திலேயே அதே தொகுதியில் மறுபடி நின்று ஜெயித்தது எப்படிச் சாத்தியம்? டென்னிஸ் புகழ் ஓட்டாக மாறியதா? விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

கிராஸ்கோர்ட்:

அரசியலை மற்றவர்கள் எழுதட்டும், ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். 1975ல் ஒற்றையர் தரவரிசையில் உலகின் 8ஆம் இடம். அதே ஆண்டு பில் டென்ட்டுடனும், 1982ல் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டுடனும் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டம். 1977 டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டி சிட்னி ஒயிட் சிட்டி புல்தரையில், இத்தாலிக்கு எதிராக. பனாட்டாவை 6-4, 4-6, 2-6, 8-6, 11-9 என்று வென்று கோப்பையை உறுதி செய்தவர் இவர்தான்.

தமிழ் இதழ் என்றால் 1974 கல்கத்தாவை விட்டுவிடாதீர்கள். கிழக்கு மண்டல இறுதியில் இந்தியா 3-2 என்று ஆஸ்திரேலியாவை வீழ்த்தியது. அலெக்ஸாண்டர் இரண்டு ஒற்றையரையும் ஜெயித்தார். விஜய் அமிர்தராஜை வென்றது 14-12, 17-15, 6-8, 6-2 என்று. ஆனால் இரட்டையரில் சென்னைச் சகோதரர்கள் விஜய், ஆனந்த் ஜோடி அலெக்ஸாண்டர், டிப்லி ஜோடியை 17-15, 6-8, 6-3, 16-18, 6-4 என்று தோற்கடித்தது. அந்த ஒரு ஆட்டமே 99 கேம்! ஐந்து ஆட்டமும் சேர்த்து 327 கேம். ஒரு டேவிஸ் கோப்பை மோதலில் அதுவே சாதனை. டேவிஸ் கோப்பையில் டைபிரேக்கர் (6-6 ஆனதும் செட்டை முடித்துவைக்கும் முறை) இல்லாத காலம் என்பதையும் கட்டுரையில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்கோரைப் பார்க்கும் இளைய வாசகர்கள் அச்சுப்பிழை என்பார்கள்.

சட்டப்புத்தகம்:

பாண்டி, "ராஜினாமா" என்பதே சரி. அவர் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகவே இல்லை. குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், அதற்குச் சில நாள் முன்பு, 2017 அக்டோபர் 27 அன்று, ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஏழு பேர் வழக்கில் தீர்ப்பளித்தது. துணைப் பிரதமர் பார்னபி ஜாய்ஸ் உட்பட ஐந்து பேர் தகுதியற்றவர்கள் என்றது. அந்தத் தீர்ப்பைப் பார்த்த அலெக்ஸாண்டர், தன் நிலையும் அதுதான் என்று உணர்ந்து நவம்பர் 11 அன்று விலகலை அறிவித்தார்.

அரசியல் சாசனத்தின் 44ஆம் பிரிவு முதல் உட்பிரிவு, வேறொரு நாட்டின் குடிமகனாக இருப்பவர் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியில்லை என்கிறது. அலெக்ஸாண்டரின் தந்தை இங்கிலாந்தில் பிறந்து 1911ல் சிறுவனாகக் கப்பலேறி வந்தவர். 1948ஆம் ஆண்டு பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டப்படி, பிரிட்டனில் பிறந்த தந்தைக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையும் பிறக்கும்போதே பிரிட்டிஷ் குடிமகன். விண்ணப்பமோ பாஸ்போர்ட்டோ தேவையில்லை. 1951ல் சிட்னியில் பிறந்த குழந்தைக்கு அது தானாக ஒட்டிக்கொண்டது. தாய்வழியில் அந்தக் காலத்தில் வராது, தந்தைவழியில் மட்டும்தான். பாட்டி மட்டும் லண்டன்காரர் என்றால் பெரும்பாலும் தப்பிக்கலாம், அப்பா லண்டன்காரர் என்றால் மாட்டிக்கொள்ளலாம் என்ற வேடிக்கையான நிலை இதனால்தான்.

"எனக்குத் தெரியாது" என்பது பதில் ஆகாது. அந்த ஏழு பேர் தீர்ப்பே அதை அடைத்துவிட்டது. முக்கியமான தேதி வேட்புமனு தாக்கல் செய்யும் நாள். ஓட்டுப்பதிவு நாளோ, பதவியேற்கும் நாளோ அல்ல.

மறுபடி நின்றது எப்படி என்றால், இந்தக் குறை ஒட்டிக்கொண்டே வருவதில்லை. அந்நியக் குடியுரிமையைத் துறந்துவிட்டால் அடுத்த மனுவுக்குத் தகுதி வந்துவிடும். பிரிட்டனுக்கு ஆர்.என். என்ற துறப்புப் படிவம். பிரிட்டிஷ் உள்துறை அதைப் பதிவேட்டில் ஏற்றினால்தான் துறப்பு நிறைவேறும். அனுப்பிய ரசீது போதாது. இந்த இடத்தில்தான் செனட்டர் கேட்டி கல்லகர் விழுந்தார். 2016 ஏப்ரலில் படிவம் அனுப்பினார், மனு தாக்கலுக்குப் பிறகு ஆகஸ்டில்தான் பதிவானது. 2018 மே மாதம் உயர் நீதிமன்றம் அவரைத் தகுதியற்றவர் என்றது. "என்னால் முடிந்ததைச் செய்தேன்" என்ற வாதம், துறக்கவே விடாத நாட்டின் சட்டத்துக்கு மட்டும்தான் பொருந்தும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அன்றே அதே நிலையில் இருந்த கீழவை உறுப்பினர்கள் நான்கு பேர் விலகினார்கள்.

தேர்தல்கணக்கு:

புகழ் ஓட்டாக மாறியதா என்பதற்கு எண்கள் இருக்கின்றன.

அலெக்ஸாண்டர் நின்ற பென்னலாங் சாதாரணத் தொகுதி அல்ல. முன்னாள் பிரதமர் ஜான் ஹோவர்டின் கோட்டை. 2007ல், ஏபிசி தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்த மேக்சின் மெக்யூ லேபர் கட்சி சார்பில் நின்று, பதவியில் இருந்த பிரதமரையே தோற்கடித்தார். 1929ல் ஸ்டான்லி புரூஸுக்குப் பிறகு அப்படி நடந்தது அப்போதுதான். ஹோவர்டின் லிபரல் கட்சிக்கு அந்தத் தொகுதியை மீட்க, தொலைக்காட்சி முகத்துக்கு ஈடாக இன்னொரு தொலைக்காட்சி முகம் வேண்டியிருந்தது. பல ஆண்டு டென்னிஸ் வர்ணனை செய்த அலெக்ஸாண்டர் அதற்குப் பொருந்தினார். ஆனால் கட்சி அவரைத் தேடி வந்து உட்கார வைக்கவில்லை. 2009ல் பாதுகாப்பான பிராட்ஃபீல்ட் தொகுதிக்கு முயன்று, உள்கட்சித் தேர்வில் பால் பிளெட்சரிடம் தோற்றார். அதன்பின்தான் எதிர்க்கட்சி கையிலிருந்த பென்னலாங். நட்சத்திரங்களுக்கு நல்ல சீட்டு கிடைக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரு கட்சி விருப்பக் கணக்கில் (மற்ற வேட்பாளர்களின் ஓட்டுகளை விருப்ப வரிசைப்படி கடைசி இருவருக்குப் பிரித்த பிறகு வரும் எண்) அவர் வாங்கியது 2010ல் 53.1%, 2013ல் சுமார் 58%, 2016ல் 59.7%. பிறகு 2017 இடைத்தேர்தலில் சுமார் 5% சரிவு. 2019ல் 56.9%. 2022ல் அவர் நிற்கவில்லை; லேபரின் ஜெரோம் லக்சால் 51 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கி ஜெயித்தார். கிட்டத்தட்ட 8% ஓட்டு லேபர் பக்கம் சாய்ந்தது. அது முழுக்க "அலெக்ஸாண்டர் இல்லாததால்" என்று எழுதிவிட வேண்டாம். லக்சால் உள்ளூர் ரைட் நகராட்சி மேயராக இருந்தவர், சீன வம்சாவளி வாக்காளர்களின் மனநிலையும் மாறியிருந்தது. அலெக்ஸாண்டருக்குச் சொந்தச் செல்வாக்கு உண்டு. ஆனால் அது தேர்தலுக்குத் தேர்தல் வளர்ந்திருக்கிறது, 1977 கோப்பையோடு வந்து இறங்கியதாகத் தெரியவில்லை. ஈஸ்ட்வுட், எப்பிங் பக்கம் வாழும் சீன, கொரியக் குடும்பங்களுக்குப் பனாட்டா ஆட்டம் என்ன தெரியும்? அவர்களை அவர் சென்று சேர்ந்தது டேபிள் டென்னிஸ் வழியாக: ஆஸ்திரேலிய, சீன, கொரிய ஆட்டக்காரர்களை வைத்து பென்னலாங் கோப்பை நடத்தினார்.

2017 இடைத்தேர்தலின் வேகத்தையும் சொல்ல வேண்டும். கீழவை உறுப்பினர் விலகல் கடிதத்தைச் சபாநாயகரிடம் கொடுக்க வேண்டும், தேர்தல் ஆணையும் அவரே பிறப்பிப்பார். ஆணை வந்ததிலிருந்து வேட்புமனு முடிய 10 முதல் 27 நாள், அங்கிருந்து ஓட்டுப்பதிவுக்கு 23 முதல் 31 நாள். ஆகக் குறைந்தது 33 நாள். நவம்பர் 13 ஆணை, டிசம்பர் 16 வாக்குப்பதிவு. ஒரு நாள்கூட வீணாக்கவில்லை. கீழவையின் 150 இடத்தில் பிரதமர் டர்ன்புல்லின் அரசுக்கு இருந்தது 76 மட்டும். ஜாய்ஸும் இவரும் போனதும் பெரும்பான்மை போய்விட்டது, அவசரத்துக்குக் காரணம் அதுதான். இதற்குள் துறப்புப் பத்திரமும் வந்து சேர வேண்டும்!

எதிரே நின்ற கிறிஸ்டினா கெனீலி, நியூ சவுத் வேல்ஸின் முன்னாள் முதல்வர். அமெரிக்காவில் பிறந்தவர். குடியுரிமைத் தகராறால் வந்த இடைத்தேர்தலில், வெளிநாட்டில் பிறந்தவர் காகிதம் சுத்தமாக இருந்தது, சிட்னியில் பிறந்தவருடையதுதான் சிக்கலாக இருந்தது.

ரெண்டாம்சர்வ்:

மராட் சாஃபினையும் சேர்ப்பீர்கள் என்று நினைக்கிறேன், பாண்டி. இருவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். சாஃபின் 2000 அமெரிக்க ஓபன், 2005 ஆஸ்திரேலிய ஓபன் வென்ற முன்னாள் முதல்நிலை வீரர். 2009ல் ஓய்வு, 2011 டிசம்பரில் ஐக்கிய ரஷ்யா கட்சிப் பட்டியலில் நிஸ்னி நோவ்கொரோட் பகுதியிலிருந்து ரஷ்ய நாடாளுமன்றக் கீழவையான டூமாவுக்குப் போனார். அந்தத் தேர்தலில் 450 இடமும் பட்டியல் முறைதான்: மக்கள் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள், ஆளுக்கு அல்ல. 2017ல் விலகினார். அலெக்ஸாண்டரோ 59 வயதில் வீடு வீடாக ஏறி ஒரு தொகுதியைப் பிடித்தவர்.

லியாண்டர் பயஸ் 2021 அக்டோபரில் கோவாவில் திரிணமூலில் சேர்ந்தார். 2022 கோவா தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. இலீ நஸ்தாசே 1996ல் புக்கரெஸ்ட் மேயர் தேர்தலில் தோற்று, 2012ல்தான் ருமேனிய செனட்டுக்குள் போனார். இவர்களுக்கு ஆளுக்கு ஒரு பத்தி போதும்.

அலெக்ஸாண்டர் செய்த வேலைக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள், யாரும் எழுதுவதில்லை. கீழவையின் உள்கட்டமைப்பு, போக்குவரத்து, நகரங்கள் குழுவுக்குத் தலைவராக இருந்தார். அதிவேக ரயில்தான் அவருடைய ஓயாத பேச்சு. ரயில் வந்தால் நிலையத்தைச் சுற்றி நிலத்தின் விலை ஏறும், அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை அரசு எடுத்து ரயிலுக்கே செலவிட வேண்டும் என்பது அவர் வாதம். இதில் எங்கே வழுக்கும் என்றால், பாதையை அறிவித்த பிறகு வரி விதிமுறையை எழுதினால் லாபம் முழுதும் முன்கூட்டி நிலம் வாங்கியவர் பைக்குப் போய்விடும். விதி முதலில், அறிவிப்பு பிறகு.

வெண்ட்வொர்த்வில்:

கிளைக்கேள்வி: இங்கே ஆஸ்திரேலியாவில் குடியேறிய நம்மவர்கள் தேர்தலில் நிற்பதென்றால் இந்த 44ஆம் பிரிவில் என்னென்ன பார்க்க வேண்டும்? இந்தியா, இலங்கை, மலேசியா மூன்றிலிருந்து வந்தவர்களும் உள்ளூர்க் கட்சிக் கிளைகளில் இருக்கிறார்கள்.

சட்டப்புத்தகம்:

மூன்றுக்கும் மூன்று வழி.

இந்தியா: வேறு குடியுரிமை பெற்ற நொடியில் இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும், 1955 சட்டத்தின் 9ஆம் பிரிவு. பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சரண்டர் சான்றிதழை வைத்துக்கொள்ளுங்கள். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இந்தியச் சட்டப்படி குடியுரிமை அல்ல. ஆனாலும் 44(1)ல் "குடிமகனுக்குரிய உரிமை, சலுகைகளுக்குத் தகுதி" என்ற வாசகமும் இருக்கிறது. அதனால் அட்டை வைத்திருப்பவர் மனுவுக்கு முன் வழக்கறிஞர் கருத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

மலேசியா: இரட்டைக் குடியுரிமையை ஏற்காத நாடுதான். அதற்காகத் தானாக நீங்கிவிடும் என்று எண்ணாதீர்கள். அரசு ஆணை போட்டுப் பறிக்க வேண்டும், அல்லது நீங்களே முறைப்படி துறக்க வேண்டும். துறந்து, உறுதிக் கடிதம் கையில் வரும் வரை மனு வேண்டாம்.

இலங்கை: விரும்பி வேறு குடியுரிமை எடுத்தால் பழையது போய்விடும். பிறகு விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை வாங்கியவர்கள்தான் சிக்கலில். ஊரில் காணி வாங்க வசதி என்று எடுத்துவிட்டு மறந்துபோகிறார்கள்.

குடியுரிமையோடு நின்றுவிடாதீர்கள். நான்காம் உட்பிரிவு அரச சம்பளப் பதவி. பில் கிளியரி என்ற ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர் 1992ல் வில்ஸ் தொகுதி இடைத்தேர்தலில் சுயேச்சையாக ஜெயித்தார். அரசுப் பள்ளி ஆசிரியர், சம்பளமில்லா விடுப்பில் இருந்தார். விடுப்பு போதாது, வேலையை விட்டிருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 1993ல் மறுபடி ஜெயித்தார் என்பது வேறு. ஆக ஆசிரியர், அரசு மருத்துவமனை ஊழியர் யாராக இருந்தாலும் மனுவுக்கு முன்பே ராஜினாமா. ஐந்தாம் உட்பிரிவு, மத்திய அரசோடு பண ஒப்பந்தம். டென்னிஸ் மையம் போலத் தொழில் நடத்துபவர், கட்டடத்தை அரசுத் துறைக்கு வாடகைக்கு விட்டிருந்தால் அதையும் பார்க்க வேண்டும்.

2019 முதல் வேட்புமனுவோடு தகுதிப் பட்டியலையும் நிரப்பித் தர வேண்டும். பெற்றோர், தாத்தா பாட்டி பிறந்த இடம் வரை கேட்பார்கள். டெபாசிட் 2,000 டாலர், முதல் விருப்ப ஓட்டில் 4 சதவீதத்துக்கு மேல் வாங்கினால் திரும்பும்.

கொழும்புத்துறை:

இலங்கையிலும் இதே கதைதான், ஐயா. அதே 2017ல் காலி மாவட்ட எம்.பி. கீதா குமாரசிங்க, சுவிஸ் குடியுரிமை இருந்ததால் ஆசனத்தை இழந்தார். 2015இன் 19ஆம் திருத்தம் இரட்டைக் குடியுரிமையாளரைத் தடுத்தது, 2020இன் 20ஆம் திருத்தம் கதவைத் திறந்தது, 2022இன் 21ஆம் திருத்தம் மறுபடி மூடியது. ஆஸ்திரேலியாவில் இப்படி ஆட்டிப் பார்க்க முடியாது, சாசனத்தை மாற்றப் பொதுவாக்கெடுப்பு வேண்டும்.

பேஸ்லைன்பாண்டி:

எல்லோருக்கும் நன்றி. ஒரே சந்தேகம்: 2010 முதல் 2017 வரை அவர் போட்ட ஓட்டுகளும் நிறைவேறிய சட்டங்களும் செல்லாமல் போகுமா?

சட்டப்புத்தகம்:

போகாது. உறுப்பினரின் தகுதிக் குறை அவையின் நடவடிக்கைகளைச் செல்லாததாக்காது என்பது பழைய நிலைப்பாடு, அந்த ஏழு பேர் விவகாரத்திலும் சட்டங்கள் எதுவும் ரத்தாகவில்லை. அமைச்சர்களாக இருந்தவர்கள் கையெழுத்திட்ட முடிவுகள்தான் தனிப் பேச்சு. தேர்ந்தெடுக்கப்படாதவர் மூன்று மாதத்துக்கு மேல் அமைச்சராக இருக்க முடியாது என்று 64ஆம் பிரிவு சொல்கிறது. அலெக்ஸாண்டர் அமைச்சர் பதவி வகித்ததில்லை, எனவே அவர் பகுதியில் அது தேவைப்படாது.